கிணறு தூர் வாரப் பூதம் கிளம்பின கதை

ரொம்ப நாளாச்சு மக்களே இந்தப் பக்கம் வந்து. ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் ஓவர். ஒரு ரிலீஸ் முடிஞ்சா அடுத்த ரிலீஸ்னு டேமேஜர் விடாம துரத்தினதுல, பொட்டி தட்டற கைக்கு சொந்தமா நாலு வரி தட்ட நேரமே கிடைக்கல. "நிம்மதியா இருந்தோமே, ஏன்டா வந்தே"ன்னு நீங்க முணுமுணுக்கறது இங்க வரைக்கும் கேக்குது. என்ன பண்றது, மே மாசம் ஒரு சனிக்கிழமை நடந்த விஷயம் மனசை விட்டுப் போகல. எழுதிட்டாத்தான் தூக்கம் வரும் போல. மொக்கை பாதி, மேட்டர் பாதின்னு இருக்கும். பொறுத்துக்கங்க. :-)

மேட்டர் இதுதான்: எங்க வீட்டுக் கிணறு.

சேலையூர்ல, கேம்ப் ரோட்டுல இருந்து உள்ள திரும்பி ரெண்டு தெரு தாண்டினா எங்க வீடு. தாத்தா கட்டினது. அந்தக் காலத்துல இந்தப் பக்கம் மனை வாங்கினா முதல்ல கிணறு, அப்புறம்தான் அஸ்திவாரம். கிணத்துத் தண்ணிய வச்சுத்தானே வீட்டையே கட்டணும்? கொல்லைல, வேப்பமரத்துக்கும் துணி துவைக்கிற கல்லுக்கும் நடுவுல இருக்கு நம்ம ஹீரோ. ஆறடி அகலம், முப்பத்திரண்டு அடி ஆழம். மேல பாதிக்கு சிமெண்ட் உறை, அதுக்குக் கீழ பாறை.

அந்தப் பாறைக்கு ஒரு பேர் இருக்கு தெரியுமா? சார்னோகைட். கல்கத்தாவுல இருக்கிற ஜாப் சார்னாக்கோட கல்லறைக் கல், நம்ம பல்லாவரம் பக்கத்துப் பாறை வகை. ஹாலந்துன்னு ஒரு புவியியல்காரர் 1893-ல அந்தக் கல்லை ஆராய்ச்சி பண்ணி சார்னாக் பேரையே பாறைக்கும் வச்சுட்டார். கிணறு வெட்டின ஆளுங்க கை எப்படி வலிச்சிருக்கும்னு நினைச்சுப் பாருங்க. அவங்க பேரை எந்தப் பாறைக்கும் வைக்கல. சரி, அது வேற பதிவு.

எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து வருஷா வருஷம் அக்னி நட்சத்திரத்துல எங்க வீட்டுல ஒரு சடங்கு நடக்கும். அப்பா ஒரு நாள் லீவு போடுவார். கிணத்துக்காரர் மேஸ்திரி ஆளுங்களோட வருவார். தண்ணிய இறைச்சுட்டு தூர் வாருவாங்க. ஏன் அந்த வெயில்ல? அப்பதான் தண்ணி அடிமட்டத்துல இருக்கும், சேறு கைக்கு எட்டும். ஐப்பசில போய் தூர் வாரறேன்னு நின்னா மேல இருந்து மழை, கீழ இருந்து ஊத்து, நடுவுல நீங்க.

போன வருஷம் அப்பாவுக்கு முட்டி ஆபரேஷன். அதனால தூர் வாரல. இந்த வருஷம் பொறுப்பு என்கிட்ட வந்துச்சு. "நீதான் இஞ்சினியராச்சே, பாத்துக்கோ"ன்னுட்டார். நான் படிச்சது கம்ப்யூட்டர் சயின்ஸ்னு சொன்னா மனுஷன் கேக்க மாட்டார். வீட்டுல மிக்ஸி ரிப்பேர் ஆனாலும் நான்தான் இஞ்சினியர்.

இப்ப கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கங்க. ரெண்டு வருஷம் முன்னாடி ஆன்சைட்னு என்னை அமெரிக்காவுக்குப் பேக் பண்ணி அனுப்பினாங்க. நியூஜெர்சி, எடிசன் பக்கம். ஒரு வெள்ளைக்காரத் தாத்தா வீட்டுல கீழ் போர்ஷன்ல வாடகைக்கு இருந்தேன். அவர் வீட்டுக் கொல்லைல கிணறு இல்ல, நீச்சல் குளம்! முப்பத்திரண்டு அடி நீளம், பதினாறு அடி அகலம். கிட்டத்தட்ட 70,000 லிட்டர் தண்ணி. நான் மனசுக்குள்ள லாரிக் கணக்குப் போட்டேன். 12,000 லிட்டர் லாரி ஆறு. நம்ம ஊர்ல வளர்ந்தவனுக்கு வேற எப்படிக் கணக்கு வரும் சொல்லுங்க.

குளிர்காலம் பூரா அந்தக் குளத்தை ஒரு பச்சைத் தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடி வச்சிருப்பார். மே மாசக் கடைசித் திங்கள் அங்க மெமோரியல் டே, போர்ல இறந்த வீரர்களுக்கான லீவு நாள். அதை ஒட்டித்தான் ஊர்ல பாதிப் பேர் குளத்தைத் திறப்பாங்க. அவரும் ஒரு சனிக்கிழமை என்னையும் கூட சேத்துக்கிட்டார். மூடி மேல தேங்கின தண்ணிய சின்ன பம்ப் வச்சு எடுத்தோம். இலைச்சருகை வாரினோம். ரெண்டு பேரா மூடிய மடிச்சோம். உள்ள தண்ணி பாசிப் பச்சை. குழாய்ல அடைச்சிருந்த குளிர்கால அடைப்பைப் பிடுங்கி, ஏணியைப் பொருத்தி, மோட்டார்ல தண்ணி நிரப்பி ஓட விட்டு, மணல் ஃபில்டரைத் தலைகீழா ஓட்டிக் கழுவினார். அப்புறம் ஒரு பெரிய டோஸ் குளோரின். ஷாக் கொடுக்கறதுன்னு அதுக்குப் பேர். பட்டைத் தாளை முக்கி நிறம் பாத்தார். பி.எச் 7.2-ல இருந்து 7.8-க்குள்ள வர்ற வரைக்கும் விடல. மூணாம் நாள் காலைல பாத்தா அடில கிடந்த ஒத்தைக் காசு கூட பளிச்சுனு தெரிஞ்சுது. அசந்துட்டேன்.

அதுல என் மண்டைல ஆணி அடிச்ச மாதிரி பதிஞ்சது என்னன்னா, அந்த மூடி. "மூடி மட்டும் சரியா இருந்தா பாதி வேலை மிச்சம்"னு தாத்தா சொன்னது வேதவாக்கா ஆயிடுச்சு.

ஊருக்குத் திரும்பினேன். கொல்லைல பாத்தா வேப்பமரம் வஞ்சனையே இல்லாம கிணத்துல இலையைக் கொட்டிக்கிட்டு இருக்கு. கிணத்து மேல ஏற்கெனவே ஒரு இரும்புக் கிராதியும் கொசுவலையும் உண்டு. சென்னைல மலேரியா பரப்புற கொசு கிணத்துலயும் மேல்தொட்டிலயும்தான் முட்டை போடும். அதனால சுகாதாரத் துறை ஆளுங்க வந்து பாக்கும்போதெல்லாம் வலை கிழிஞ்சிருக்கான்னு சோதிப்பாங்க. ஆனா வலை வழியா வேப்பஞ்சருகு பொடிப்பொடியா உள்ள போகுதே! நம்ம இஞ்சினியர் மூளை வேலை செஞ்சுது. தாம்பரம் மார்க்கெட்டுல ஒரு நல்ல கனமான தார்ப்பாய் வாங்கிட்டு வந்து, வலைக்கு மேல போட்டு, சுத்தி நைலான் கயிறால இறுக்கிக் கட்டி, விளிம்புல செங்கல்லும் அடுக்கிட்டேன். ஒரு எறும்பு உள்ள போகணும்னாலும் விசா வாங்கணும். அப்பா திண்ணைல உக்காந்து முட்டிக்குத் தைலம் தேச்சுக்கிட்டே பாத்தார். ஒண்ணும் சொல்லல. நான் அதைப் பாராட்டுன்னு எடுத்துக்கிட்டேன்.

அது போன வருஷம் ஜூலை. அப்புறம் பத்து மாசம் அதைப் பிரிக்கவே இல்ல. மோட்டார் ஓடுது, தண்ணி வருது, வேற என்ன வேணும்?

இப்ப இந்த வருஷ சனிக்கிழமைக்கு வருவோம்.

காலைல ஆறரை மணி. மேஸ்திரி ஏழரைக்கு வரேன்னு சொல்லியிருந்தார். அதுக்குள்ள நம்ம திறமையைக் காட்டலாமேன்னு தார்ப்பாயைப் பிரிச்சு உருட்டினேன். ஒரு மாதிரி ஊசிப்போன வாடை. கிணறுன்னா அப்படித்தான்னு நினைச்சேன். எட்டிப் பாத்தா, உறைக்கும் உறைக்கும் நடுவுல ஒரு அரசங்கன்னு. வெளிச்சமே இல்லாம வெளுத்துப் போய் ஒரு முழ உயரம் வளந்திருக்கு. அதை விட்டா வேர் உறையைப் பொளந்துடும். உறைல இரும்புப் படி பதிச்சிருக்கு. கத்தியை இடுப்புல செருகிக்கிட்டு இறங்கிட்டேன். எட்டு அடி இருக்கும். கன்னை வெட்டி எடுத்தேன். மூச்சு கொஞ்சம் வாங்கிச்சு. தலை லேசா கிர்ருன்னுச்சு. "தொப்பை ஏறிடுச்சுடா உனக்கு"ன்னு என்னை நானே திட்டிக்கிட்டு மேல வந்துட்டேன்.

உண்மையைச் சொல்லணும்னா, அடி வரைக்கும் இறங்கி ஒரு வீடியோ எடுக்கணும்னு ஆசை வேற இருந்துச்சு. ஃபோன் சார்ஜ்ல இருந்துச்சு, எடுத்துட்டு வரல. அவ்வளவுதான் வித்தியாசம். இதை எழுதும்போது கை லேசா நடுங்குது.

மேஸ்திரி ஏழரைக்கு டாண்ணு வந்துட்டார். அறுபது வயசுக்கு மேல இருக்கும். கூட அவரோட தங்கச்சி மகன், இருபத்திரண்டு வயசுப் பையன். இன்னும் ஒரு ஆள். ராட்டினம், தாம்புக்கயிறு, ரெண்டு இரும்புச் சட்டி, மண்வெட்டி, பாதாளக்கரண்டி எல்லாம் ஒரு லோடு ஆட்டோல வந்து இறங்குச்சு. (பாதாளக்கரண்டி தெரியாத பச்சப்புள்ளைங்களுக்கு: கிணத்துல விழுந்த வாளியைத் தேடி எடுக்கிற கொக்கிக் கொத்து. பேரே சூப்பர்ல?)

"இன்னா சார், முட்டி எப்படி கீது?"ன்னு அப்பாவை விசாரிச்சுட்டு, மோட்டாரைப் போடச் சொன்னார். தண்ணி தென்னைக்கும் வாழைக்கும் போச்சு. நான் காபி எடுத்துட்டு வந்தா, மனுஷன் ஒரு வாளிக்குள்ள தடி மெழுகுவர்த்தி ஒண்ணை ஏத்தி வச்சு, கயித்துல மெதுவா இறக்கிக்கிட்டு இருந்தார். நான் சிரிச்சுட்டேன். "இன்னும் இந்த டெக்னிக்கா, எல்.ஈ.டி டார்ச் இருக்கே, தரட்டுமா?"

அவர் பதில் சொல்லல. வாளி பத்தடி போச்சு. பதினைஞ்சு. பதினேழு அடி இருக்கும், சுடர் அப்படியே சின்னதாச்சு. யாரோ வாயால ஊதின மாதிரி அணைஞ்சுது.

"காத்துல அணைஞ்சிருக்கும்ங்க"ன்னேன்.

"கெணத்துக்குள்ள ஏது தம்பி காத்து? காத்து இல்லாததாலதான் அணையுது."

மறுபடி ஏத்தி இறக்கினார். அதே இடம். மூணாவது தடவை என் கைல கயித்தைக் கொடுத்து, "நீயே பாரு"ன்னார். அதே பதினேழு அடி. ஒரு கோடு போட்டு வச்ச மாதிரி.

நான் இறங்கினது எட்டு அடி. இன்னும் ஒன்பது அடி.

எனக்கு நாக்கு வறண்டு போச்சு. காலைல இறங்கினதை மெல்லச் சொன்னேன். மேஸ்திரி என்னை ஏற இறங்கப் பாத்தார். அவருக்குக் கோவம் வந்தா கத்துவாருன்னு நினைச்சேன். கத்தல. துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு, "எங்க சித்தப்பா இப்படித்தான் தம்பி"ன்னார். ரொம்ப வருஷம் முன்னாடி, வேற ஒரு வீட்டுக் கிணறு. முதல்ல சித்தப்பா இறங்கியிருக்கார். அடில போய் அப்படியே உக்காந்துட்டார். மயக்கம் போலன்னு தூக்க அவரோட கூட்டாளி இறங்கியிருக்கார். அவரும் வரல. மூணாவதா மேஸ்திரி இறங்கப் போனப்ப, யாரோ ஒருத்தர் அவரை இடுப்போட கட்டிப் புடிச்சு நிறுத்தியிருக்கார். "புடிச்சவரு யாருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. அவரு புடிச்சதாலதான் நான் இங்க நிக்கிறேன்." சொல்லிட்டுக் காபியை ஒரே மடக்குல குடிச்சார்.

அப்புறமா உக்காந்து படிச்சப்ப ஒவ்வொண்ணா புரிஞ்சுது. நாம சுவாசிக்கிற காத்துல ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம். அது 16 சதவீதம் பக்கம் வந்தாலே மெழுகுவர்த்தி திணறி அணைஞ்சிடும். பத்துக்குக் கீழ போனா மனுஷனுக்கு நினைவு தப்பும். இன்னும் கம்மியானா ஓரிரண்டு மூச்சுதான், கத்தக்கூட நேரம் கிடைக்காது. என் கிணத்துல என்ன ஆச்சுன்னா, அடில கிடந்த இலையும் சேறும் அழுகும்போது ஆக்சிஜனைத் தின்னு கார்பன் டை ஆக்சைடை விட்டிருக்கு. அது காத்தைவிட ஒன்றரை மடங்கு கனம். கிணறு மாதிரி ஒரு குழிக்குள்ள தண்ணி மாதிரி தேங்கி நிக்கும். வலை மட்டும் இருந்தவரைக்கும் மேல காத்து வந்து போயிட்டு இருந்துச்சு. நான் தார்ப்பாய் போட்டு அந்த வழியையும் அடைச்சுட்டேன். மாடியில இருந்து வர மழைநீர்க் குழாய் வேற நேரா கிணத்துல விடுது. 2003-ல மழைநீர் சேகரிப்பை எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமாக்கினப்ப அப்பா போட்டது. மேல மூடிட்டோம்னு நான் நிம்மதியா இருந்தேன், மாடிச் சருகெல்லாம் குழாய் வழியா ராஜநடை போட்டு உள்ள போயிருக்கு.

நியூஜெர்சி தாத்தாவோட குளத்துக்குள்ள தண்ணிதான் இருந்துச்சு. யாரும் அதோட அடியில நின்னு மூச்சு விடப் போறதில்ல. அதனால மூடி வைக்கலாம். கிணத்துக்குள்ள இருபது அடிக்குக் காத்து இருக்கு, வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு மனுஷன் அந்தக் காத்தை நம்பி உள்ள இறங்கறான். இந்தச் சின்ன வித்தியாசம் எனக்கு உறைக்கல. நாலு வருஷம் இஞ்சினியரிங், அதுல முதல் வருஷம் கெமிஸ்ட்ரி பேப்பர் வேற. 78 மார்க். எதுக்கு?

சரி, வேலைக்கு வருவோம். மேஸ்திரி முதல்ல வேப்பங்கொப்பை நல்ல புதரா வெட்டி, கயித்துல கட்டி, கிணத்துக்குள்ள மேலயும் கீழயுமா வேகமா ஆட்டச் சொன்னார். உள்ள இருக்கிற கெட்ட காத்தைக் கலைச்சு விடற வேலை. வாளி வாளியா தண்ணிய மேல இருந்து சளசளன்னு கொட்டினோம். அரை மணி நேரம். மறுபடி மெழுகுவர்த்தி. இந்தத் தடவை இருபத்திரண்டு அடில அணைஞ்சுது.

"நாளைக்கு வெச்சுக்கலாம் சார். ஒரு நாள் தொறந்து கெடக்கட்டும்"னார் மேஸ்திரி. கூலி போனாலும் பரவாயில்லைன்னு தைரியமா சொன்னார் பாருங்க, அங்க நான் அவருக்கு மனசுக்குள்ள ஒரு சல்யூட் அடிச்சேன். நம்ம ஆபீஸ்ல ரிலீஸை ஒரு நாள் தள்ளிப் போடணும்னு சொல்ல எவனுக்காவது தில் இருக்கா?

ஒரு நாள் முழுக்க காத்திருக்கறதுக்குப் பதிலா, கட்டட சாமான் வாடகைக்குக் கொடுக்கிற கடைல காத்து ஊதற மெஷின் கிடைக்கும்னு அப்பா ஞாபகப்படுத்தினார். வண்டியை எடுத்துக்கிட்டு வேளச்சேரி ரோட்டுல ரெண்டு மூணு கடை ஏறி இறங்கி ஒண்ணு புடிச்சேன். கரண்ட்ல ஓடறது, யானைத் தும்பிக்கை மாதிரி நீளக் குழாய். அந்தக் குழாயை அடி வரைக்கும் விட்டு ஒன்றரை மணி நேரம் ஊதினோம். ஒண்ணு சொல்லிடறேன், பெட்ரோல், டீசல்ல ஓடற பம்பையோ மெஷினையோ கிணத்துக்குள்ளயோ விளிம்புலயோ வைக்கவே கூடாது. அதோட புகையே ஆளைக் கொன்னுடும்.

பன்னிரண்டு மணிக்கு மெழுகுவர்த்தி அடி வரைக்கும் போச்சு. பத்து நிமிஷம் அங்கயே நின்னு எரிஞ்சுது. மேல இருந்து பாக்க ஒரு சின்ன நட்சத்திரம் மாதிரி.

தங்கச்சி மகன் இறங்கினான். அக்குளுக்குக் கீழ கயிறு கட்டி, ராட்டினத்து வழியா மறுமுனை நானும் அந்த இன்னொரு ஆளும். "எது நடந்தாலும் கயித்தை இழுக்கறதுதான் உன் வேலை. யாரும் இறங்கக் கூடாது"ன்னு மேஸ்திரி மூணு தடவை சொன்னார். பையனுக்கு ஒரே ஒரு கண்டிஷன்: வாயை மூடக் கூடாது. பேசணும், இல்ல பாடணும். அவன் பாட ஆரம்பிச்சான். யுவன், அனிருத், நடுவுல இளையராஜா. எல்லாமே ஒரே சுருதி, அது எந்தப் பாட்டோட சுருதியும் இல்ல. கிணத்துக்குள்ள எக்கோ வேற. அம்மா சமையக்கட்டுல இருந்து காதைப் பொத்திக்கிட்டு வந்து எட்டிப் பாத்தாங்க.

சட்டி சட்டியா சேறு மேல வந்துச்சு. கறுப்பா, கூழ் மாதிரி, அழுகின முட்டை நாத்தம். கூடவே பொக்கிஷங்கள்: ரெண்டு பிளாஸ்டிக் வாளி, ஒரு மக்கு, சீப்பு, ஆறு டென்னிஸ் பால் (மூணு என்னோடது, மார்க்கர்ல பேர் எழுதினது கூட அழியல!), அப்பா தொலைஞ்சு போச்சுன்னு அம்மா மேல பழி போட்ட மூக்குக்கண்ணாடி. அம்மா அதைக் கழுவி, ஒண்ணும் சொல்லாம அப்பா மடில வச்சுட்டுப் போனாங்க. ஹி ஹி.

அப்ப பாட்டு நின்னுச்சு.

பாதிப் பல்லவில. பட்டுனு. மெஷின் சத்தம் மட்டும் கேக்குது. மேஸ்திரி அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். பதில் இல்ல. என் கைல கயிறு தானா இறுகிச்சு. அப்பா, வாக்கர் இல்லாம ஒரு அடி நடக்காத மனுஷன், நாற்காலியை விட்டு எழுந்து நின்னுட்டார். ரெண்டு செகண்டு இருக்குமா? மூணா? ரெண்டு பேரும் இழுத்தோம். கீழ இருந்து "அய்யோ மாமா! இழுக்காத மாமா! ஒரு செம்பு மாமா!"ன்னு அலறல். குனிஞ்சு பாறை இடுக்குல இருந்து எதையோ நோண்டிக்கிட்டு இருந்திருக்கான், ரெண்டு அடி அந்தரத்துல தொங்கறான்.

மேஸ்திரி திட்டின திட்டை இங்க எழுத முடியாது. எழுதினா இந்தப் பக்கத்துக்கு சென்சார் சர்ட்டிபிகேட் வாங்கணும். திட்டி முடிச்சுட்டு, மரத்தடிக்குப் போய்த் திரும்பி நின்னு முகத்தைத் துடைச்சுக்கிட்டார். வேர்வைன்னு நினைச்சுக்கறேன்.

செம்பு மேல வந்துச்சு. பித்தளை. பச்சை பூத்துப் போய், ஒரு பக்கம் நசுங்கி. பாட்டியோடது. அவங்க போய் ஒன்பது வருஷம் ஆச்சு. எந்த வருஷம் விழுந்துச்சோ, எத்தனை பாதாளக்கரண்டிக்குத் தப்பிச்சுதோ.

மூணு மணி இருக்கும், சேறு தீந்து பாறை தெரிஞ்சுது. பையன் கம்பியால ஊத்துக்கண்ணை ரெண்டு குத்து குத்தினான். விரல் கனத்துக்குத் தண்ணி பொங்கி வந்துச்சு, கண்ணாடி மாதிரி. அதைப் பாத்துட்டு அவன் ஒரு சத்தம் போட்டான் பாருங்க, சுருதி சேர்ந்தது அது ஒண்ணுதான்.

ராத்திரி அப்பாவும் நானும் கொல்லைல உக்காந்திருந்தோம். வேலைக்காரங்க போயாச்சு. கிணத்துக்குள்ள தண்ணி ஊறுற சத்தம் மெல்லிசா கேட்டுச்சு. இந்தக் கிணறு நிறைய பாத்திருக்கு. 2015 டிசம்பர் 1-ந் தேதி மழைல தாம்பரத்துல ஒரே நாள்ல 49 சென்டிமீட்டர் பதிவாச்சே, அன்னிக்கு விளிம்பு வரைக்கும் வந்து கையால மொண்டோம். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் வீட்டுக்குள்ள அடையாறு. 2019 ஜூன்ல ஏரியெல்லாம் வறண்டு, ஐ.டி கம்பெனிங்க தண்ணி இல்லாம வீட்டுல இருந்தே வேலை பாருங்கன்னு சொன்னப்ப, இதோட அடில ரெண்டு வாளி தண்ணி. ஜூலை 12-ந் தேதி ஜோலார்பேட்டைல இருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணி ரயில்ல வில்லிவாக்கத்துக்கு வந்ததை டிவில பாத்துக்கிட்டே நாங்க லாரிக்குக் காத்திருந்தோம். நான் காலேஜ் முடிச்ச வருஷம் அது.

அப்பாதான் ஆரம்பிச்சார். "தார்ப்பாயை நீ போட்டப்ப எனக்கு லேசா உறுத்துச்சுடா. கிணத்தை இப்படி மூட மாட்டாங்களேன்னு. சரி, பையன் அமெரிக்கா போயிட்டு வந்து செய்யறான், நமக்கென்ன தெரியும்னு விட்டுட்டேன்."

"கேட்டிருக்கலாமேப்பா."

"நீயும் கேட்டிருக்கலாம்."

ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் அவர் சின்ன வயசுல விழுப்புரம் பக்கம் ஊர்க் கிணத்துல முதுகுல சுரைக்குடுக்கையைக் கட்டிக்கிட்டு நீச்சல் கத்துக்கிட்ட கதையை ஆரம்பிச்சார். நூறு தடவை கேட்ட கதை. நூத்தி ஒண்ணாவது தடவையா, முழுசாக் கேட்டேன்.

மறுநாள் காலைல பத்தடி தண்ணி. இனி தாத்தா கத்துக்கொடுத்த பாடம்: ஷாக்! விட்டத்தை மீட்டர்ல அளந்து அதை அதாலயே பெருக்கி, தண்ணி ஆழத்தால பெருக்கி, 3.14-ஆல பெருக்கி நாலால வகுத்தா கன மீட்டர் வரும். எங்களுக்குச் சுமார் 8, அதாவது 8,000 லிட்டர். வழக்கமா 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் போதும். தூர் வாரினதுக்கு அப்புறம் முதல் தடவை மட்டும் பல மடங்கு போட்டு, ஒரு ராத்திரி அப்படியே விட்டு, வாசனை போற வரைக்கும் இறைச்சுக் கொட்டணும். நாங்க அரைக் கிலோ போட்டோம். பவுடரை அப்படியே தூவக் கூடாது. வாளில கரைச்சு, சுண்ணாம்பு அடில படியவிட்டு, தெளிஞ்ச தண்ணிய மட்டும் கிணத்துல இறக்கிக் கலக்கணும். கொசுவுக்காக மீன் விட்டிருந்தா முன்னாடியே எடுத்து வச்சுடுங்க, பாவம்.

போறதுக்கு முன்னாடி நாலு வார்த்தை. கிணறு வச்சிருக்கிற மக்கள் கண்டிப்பா படிங்க.

1. வலை போடுங்க, கிராதி போடுங்க. காத்து புகாம மூடாதீங்க.

2. "சும்மா பத்தடிதானே"ன்னு நீங்களே இறங்காதீங்க. நான் செஞ்ச முட்டாள்தனம் போதும்.

3. மெழுகுவர்த்தி அணைஞ்சா இறங்கவே கூடாது. ஆனா எரிஞ்சா எல்லாம் சரின்னும் அர்த்தம் இல்ல. அழுகின சேத்துல வர ஹைட்ரஜன் சல்ஃபைடை அது காட்டாது. அந்த வாயு அதிகமானா மூக்கே மரத்துப் போய் நாத்தமும் தெரியாது. மீத்தேன் இருந்தா சுடர்ல பத்திக்கவும் வாய்ப்பு உண்டு. இதுக்கெல்லாம் வாயு அளக்கிற மீட்டர் இருக்கு. அடுத்த வருஷம் வாடகைக்காவது எடுத்துடுவேன்.

4. உள்ள ஒருத்தர் விழுந்துட்டா, காப்பாத்தறேன்னு அடுத்தவர் குதிக்கக் கூடாது. கயிறு கட்டியிருந்தா இழுங்க. 101-க்கோ 112-க்கோ ஃபோன் பண்ணுங்க. இறங்கப் போறவரை இடுப்போட கட்டிப் புடிங்க. பேர் தெரியாத அந்த மனுஷர் மாதிரி.

5. மாடிக் குழாய்த் தண்ணிய நேரா கிணத்துல விடாதீங்க. ஜல்லி, மணல் போட்ட தொட்டி வழியா விடுங்க. முதல் மழைத் தண்ணி வெளிய போகட்டும்.

அந்தத் தார்ப்பாய் என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. மொட்டை மாடில விரிச்சு அம்மா அது மேல வடாம் காயப் போட்டிருக்காங்க. காக்கா வராம பாத்துக்கற டியூட்டி எனக்கு. லேப்டாப்போட குடைக்குள்ள உக்காந்துதான் இதைத் தட்டிக்கிட்டு இருக்கேன். பாட்டி செம்பைப் புளி போட்டுத் தேச்சாச்சு. நசுங்கின இடத்தைத் தட்டி எடுக்க வேணாம்னு அப்பா சொல்லிட்டார்.

டிஸ்கி: மேஸ்திரி போகும்போது "அடுத்த வருஷம் நானே ஃபோன் பண்றேன் தம்பி, அதுவரைக்கும் எதையும் மூடாத"ன்னுட்டுப் போனார். அம்மா அதைக் கேட்டுட்டாங்க. இப்ப வீட்டுல ஃபிரிட்ஜ் கதவை மூடப் போனா கூட "மேஸ்திரியைக் கேட்டியா?"ன்னு கேக்கறாங்க. அவ்வ்வ்வ்...